நீங்கள் என் இடது பக்கம் நின்றிருப்பீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே புலம்பலாக இருந்தது. "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்." சரி, எல்லாவற்றையும் ஒரே இதழில் வைத்துவிடலாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். எழுதியவர்களின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன்.

கேள்வி: வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நான் கூச்ச சுபாவம். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வேன், நானாகப் போய்ப் பேச வராது. போன வாரம் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: "அவனுக்கு ரொம்பத் தலைக்கனம்." அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நான் அப்படி இல்லை என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

தம்பி, எனக்கு இடது காது கேட்காது. 11 வயதில் பொன்னுக்குவீங்கி வந்தது. கன்னத்து வீக்கம் பத்து நாளில் வடிந்துவிட்டது. காது திரும்பி வரவில்லை.

ஒற்றைக் காதுக்காரனின் சங்கடம் குறைவாகக் கேட்பதோடு முடிவதில்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஒலி இரண்டு காதுகளையும் வந்தடையும் நேரத்தில் இருக்கிற சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை முக்கியமாகத் திசையைக் கணக்குப் போடுகிறது. அந்த வித்தியாசம் அதிகம் போனாலும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. எனக்கு அந்தக் கணக்கே கிடையாது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்து விழிப்பேன்.

இதை நான் வேலை செய்த பத்திரிகையில் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இருந்தது. அப்போது புரூஃப் பார்ப்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், கால்புள்ளி அரைப்புள்ளி உட்பட. மற்றவர் அச்சுக்கோத்து எடுத்த மாதிரித் தாளில் பென்சிலை நகர்த்திக்கொண்டே திருத்துவார். அந்த வேலைக்குக் காது கேட்காதவனை யார் வைத்துக்கொள்வார்கள்? வாசிப்பவரை எப்போதும் வலது பக்கம் உட்காரவைத்துச் சமாளித்தேன்.

அப்புறம் என் இடது பக்க மேசைக்கு ஓர் உதவி ஆசிரியர் வந்து சேர்ந்தார். தினமும் காலையில் பையை வைத்துவிட்டு "வணக்கம் சார்" என்று சொல்லியிருக்கிறார். நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லையாம். இரண்டு மாதம் சொல்லிப் பார்த்து, ஓய்ந்துபோய், நிறுத்திவிட்டார். அதன் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சே கிடையாது. இதில் வேடிக்கை, எனக்கும் அவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது: பக்கத்து மேசைக்காரனுக்கு ஒரு வணக்கம் சொல்லக்கூட இந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லையே!

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. என் மேசையைத் திருப்பி எதிர்ச் சுவர் ஓரம் போட்டார்கள். அவர் என் வலது பக்கம் ஆகிவிட்டார். முதல் நாளே அவருடைய பேனா மூடி கீழே விழுந்தது. "போச்சு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். நான் குனிந்து எடுத்து, "ஒண்ணும் ஆகலை, லேசா கீறல் விழுந்திருக்கு" என்று கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார்: "என்ன சார், மேசை மாறினதும் நல்ல மனுஷன் ஆயிட்டீங்க?"

அன்றுதான் காது விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டார். "ரெண்டு வருஷமா உங்களை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?" என்றார். "தெரியாதே, இடது பக்கத்திலிருந்துதானே திட்டினீங்க" என்றேன். அதற்கப்புறம்தான் சிரித்தார்.

ஒருவர் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தால் சூழ்நிலையை விட்டுவிட்டு நேராகக் குணத்தில் கைவைப்பது மனிதப் பழக்கம். 1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் சொந்தக் கருத்து என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு அப்படிக் கொடுக்கப்பட்டது" என்று முன்கூட்டியே சொன்னபோதும், ஆதரித்து எழுதியவர் உள்ளுக்குள் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே பதில்கள் சாய்ந்தன. பத்து வருஷம் கழித்து லீ ராஸ் என்பவர் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் வாய்க்குள் நுழையாது, விடுங்கள்.

உங்கள் கூச்சம் உங்களுக்குள் நடக்கிறது. தொண்டை அடைப்பதும், சொல்ல நினைத்ததை மூன்று முறை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பதும், அதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவதும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் கண்ணில் படுவது வாய் திறக்காத ஒரு முகம். அதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொல்லாத எண்ணம் எதுவும் தேவைப்படவில்லை.

எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கம் சொல்லாதீர்கள். அது வேறு மாதிரித் தெரியும். அந்த இருவரில் கொஞ்சம் இளகிய ஆள் யார் என்று பாருங்கள். வேறு ஏதோ பேசும் சாக்கில், "எனக்குப் பேச்சை ஆரம்பிக்க வராது, நீங்க ஆரம்பிச்சா பேசுவேன்" என்று ஒரே ஒரு வரி. மற்றவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷமும் ஒரு ஒழுகல் கூரையும் தேவைப்பட்டன.

கேள்வி: கண்ணாடியில் பார்த்தால் சுமாராக இருக்கிறேன். புகைப்படத்தில் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறேன். இதில் எது உண்மை?

புகைப்படம். பயப்பட வேண்டாம், மீதியையும் படியுங்கள்.

கண்ணாடி உங்கள் முகத்தை இடம் வலமாக மாற்றிக் காட்டுகிறது. நீங்கள் பிறந்ததிலிருந்து பழகியது அந்த முகத்தோடுதான். மற்றவர்கள் பழகியது புகைப்படத்தில் இருக்கிற முகத்தோடு. 1977-ல் மிட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் ஓர் ஆய்வு செய்தார்கள். சில பெண்களின் படத்தை உள்ளபடி ஒன்றும், கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒன்றும் அச்சிட்டு எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் திருப்பிய படத்தைக் காட்டினார்கள். அவர்களுடைய நெருங்கியவர்கள் பெரும்பாலும் உள்ளபடி இருந்ததைக் காட்டினார்கள். ஆக, நீங்கள் அசிங்கம் என்று நினைக்கிற படத்தில்தான் உங்கள் தோழிக்கு நீங்கள் நீங்களாகத் தெரிகிறீர்கள்.

குரலும் அப்படித்தான். பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் உட்காதுக்குப் போகிறது, அதனால் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. "ஐயோ, இதுவா என் குரல்?" என்போம். இதுதான். அந்தக் கம்பீரக் குரலைக் கேட்ட ஒரே ஆள் நாம்தான்.

கேள்வி: ஒரு கூட்டத்தில் வரவேற்புரை சொல்லும்போது தலைவரின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். உடனே திருத்திக்கொண்டேன். ஆனால் மூன்று வாரமாக யாரைப் பார்த்தாலும் அதை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

தலைவருக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்கு இருக்காது.

2000-ஆம் ஆண்டில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு மாணவருக்கு, அந்த வயதில் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கும்படி, பேரி மானிலோ என்ற பாடகரின் முகம் போட்ட பனியனை மாட்டிவிட்டு, ஏற்கெனவே மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். வெளியே வந்ததும், "பனியனில் இருப்பது யார் என்று எத்தனை பேர் சொல்வார்கள்?" என்று கேட்டார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொல்வார்கள் என்றார்கள், இப்படிப் போய்வந்தவர்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்டால் கால்வாசிப் பேருக்கும் குறைவாகத்தான் சொல்லத் தெரிந்தது.

என் அனுபவம் இன்னும் மோசம். பெரிய எழுத்தில் வந்த ஒரு தலைப்பில் ‘பொறுமையின் பெருமை’ என்பதை ‘பொறாமையின் பெருமை’ என்று விட்டுவிட்டேன். மூன்று முறை பார்த்த புரூஃப் அது. இருக்க வேண்டியதைத்தான் கண் படித்தது, இருந்ததைப் படிக்கவில்லை. இதழ் வெளிவந்த அன்று வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். வந்தவை இரண்டே கடிதங்கள். அதில் ஒன்று தலைப்பு புதுமையாக இருக்கிறது என்று பாராட்டி எழுதியது.

கேள்வி: என் கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அன்று நான் அழவில்லை. தாள்களில் கையெழுத்துப் போட்டேன், எல்லோருக்கும் போன் செய்தேன், வந்தவர்களை உட்காரவைத்தேன். "கல்நெஞ்சுக்காரி" என்று அவருடைய அக்கா நாலு பேர் முன்னால் சொன்னார். ஆறு வாரம் கழித்து அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்தேன். ஒரு வில்லையில் அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. அன்று முழுக்க அழுதேன். அப்போது வீட்டில் யாரும் இல்லை. இப்போது போய் யாரிடம் இதைச் சொல்வது?

அம்மா, அந்தக் கண்ணாடியை நீங்கள் இன்னும் துடைத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அழாத பெண்ணை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா தெரியவில்லை. துணையாகவாவது இருக்கும். 1980 ஆகஸ்ட் 17 இரவு, ஆஸ்திரேலியாவின் நடுவில் உலுரு பாறைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த லிண்டி சேம்பர்லின் என்ற பெண்ணின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனது. டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அவர் அலறினார். முதல் விசாரணையும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஜனங்கள் ஏற்கவில்லை. தொலைக்காட்சியில் அந்தப் பெண் நிதானமாகப் பேசினார். குழந்தையைப் பறிகொடுத்தவள் இப்படியா பேசுவாள் என்றார்கள். அசாரியா என்றால் ‘பாலைவனத்தில் பலி’ என்று அர்த்தம் என ஒரு வதந்தி கிளம்பியது. கடவுளின் உதவியைக் குறிக்கிற பெயர் அது.

காரில் குழந்தையின் ரத்தம் தெறித்திருக்கிறது என்று நிபுணர் சாட்சி சொன்னார். 1982-ல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். லிண்டி அப்போது கர்ப்பிணி. ரத்தம் என்று காட்டிய தெறிப்பு, காரைத் தயாரிக்கும்போதே சத்தத்தைக் குறைப்பதற்காகத் தெளித்த பூச்சு என்று பின்னால் தெரிந்தது. 1986-ல் அந்தக் குழந்தை போட்டிருந்த சின்ன மேல்சட்டை பாறைப் பக்கத்திலேயே கிடைத்தது. அவரை விடுவித்தார்கள். 1988-ல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று அதிகாரபூர்வமாகப் பதிவானது 2012 ஜூனில். அந்தத் தாய் முதல் இரவில் சொன்னதை ஒப்புக்கொள்ள 32 வருஷம் ஆயிற்று.

அழுகையை அளவுகோலாக வைத்துத் துக்கத்தை அளப்பவர்களிடம் வாதாட முடியாது. ஆனால் ஒன்று. அந்த அக்கா தன் தம்பியைப் பறிகொடுத்த நாளில் அந்த வார்த்தையைச் சொன்னார். உங்கள் வறண்ட கண் உங்கள் துக்கத்தைக் காட்டாததுபோல, அவருடைய அந்த ஒரு வார்த்தை அவரை முழுசாகக் காட்டுகிறதா என்று எனக்குச் சந்தேகம். முடிந்தால் அவர் தனியாக இருக்கும்போது ஒரு நாள் போங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். அந்தக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முடியாது என்று தோன்றினால் போக வேண்டாம். எனக்கு எழுதிவிட்டீர்கள், அதுவே ஒருவரிடம் சொன்னதுதான்.

கேள்வி: உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமல் இருந்த அன்று என் தோழியைப் பேருந்தில் பார்த்தேன். நானே என் கண்ணால் பார்த்தேன். இதில் தவறாக நினைக்க என்ன இருக்கிறது?

எத்தனை நொடி பார்த்தீர்கள்? எத்தனை பேரிடம் அதன் பிறகு சொன்னீர்கள்? இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "இடித்தபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். "நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். படத்தில் கண்ணாடி எதுவுமே உடையவில்லை. ஒரு சொல்லை மாற்றினாலே இப்படி. நீங்கள் ஒவ்வொரு முறை அந்தக் கதையைச் சொல்லும்போதும் என்ன என்ன சேர்ந்ததோ!

அப்படியே அது அவர்தான் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு சரியில்லாதவர் மருத்துவரிடம் எப்படிப் போவார்? பேருந்தில் போகக் கூடாதா?

கேள்வி: என் மேலாளர் என்னைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிட்டார். சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் "ஏனோதானோ என்று செய்திருக்கிறாய்" என்கிறார். நேரம் எடுத்துச் செய்தால் "இழுத்தடிக்கிறாய்" என்கிறார்.

இதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1894-ல் பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டனாக இருந்த ஆல்ஃபிரட் டிரேஃபஸ், ரகசியங்களை விற்றதாகக் கைதானார். சாட்சி, கையெழுத்து இல்லாத ஒரு காகிதம். அதில் இருந்த எழுத்து அவருடைய எழுத்தோடு ஒத்துப்போகாத இடங்கள் இருந்தன. அல்போன்ஸ் பெர்ட்டியோன் என்ற காவல்துறை நிபுணர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். மாட்டிக்கொள்ளாமல் இருக்க டிரேஃபஸ் தன் எழுத்தைத் தானே போலி செய்திருக்கிறாராம்! ஒத்துப்போனால் அவர் எழுதியது. ஒத்துப்போகாவிட்டால் அவர் தந்திரமாக எழுதியது. 1906-ல்தான் அவர் முழுமையாகக் குற்றமற்றவர் ஆனார்.

கையெழுத்துப் பிரதிகளோடு 30 வருஷம் மல்லுக்கட்டியவன் நான். ஒரே எழுத்தாளரின் ‘ழ’ முதல் பக்கத்தில் ஒரு மாதிரியும் பத்தாம் பக்கத்தில் வேறு மாதிரியும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த பெர்ட்டியோன் எங்கள் அறையில் இருந்திருந்தால் பாதி எழுத்தாளர்கள் உள்ளே போயிருப்பார்கள்.

உங்கள் மேலாளருக்கு மேலும் மேலும் ஆதாரம் காட்டிக்கொண்டே இருக்காதீர்கள், எல்லாமே அவர் வைத்த பெயருக்குள்தான் போய் விழும். வேலையை எடுத்த தேதி, முடித்த தேதி, அவர் கேட்ட மாற்றம், மூன்றையும் எழுதி வையுங்கள். அவருக்குக் காட்ட இல்லை. அவருக்கு அடுத்து வரப்போகிறவருக்கு.

கேள்வி: உங்களைப் பற்றி வாசகர்கள் வைத்திருக்கும் தவறான எண்ணம் எது?

வயதான, பொறுமையான மனிதர் என்பது. முதல் பாதி சரி.

கேள்வி: மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, தம்பி என வீட்டில் ஐந்து பேரும் என்னைக் கோபக்காரன் என்கிறார்கள். உண்மையில் நான் மிகவும் பொறுமைசாலி!! இவர்களுக்கு உண்மையை உணர்த்த என்ன வழி??

ஒரு நாடே சேர்ந்து ஒரு தாயைத் தப்பாக நினைத்த கதையை மேலே நானே எழுதியிருக்கிறேன், அதனால் எண்ணிக்கையை வைத்து உங்களை மடக்க முடியாது. ஆனால் அவர்கள் லிண்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். உங்கள் ஐந்து பேரும் உங்களோடு குடியிருப்பவர்கள்.

சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். பதற்றம் போல மனசுக்குள் ஓடுகிற விஷயங்களில் நம்மைப் பற்றி நமக்குத்தான் அதிகம் தெரிகிறது. புத்திசாலித்தனம் போல, நல்ல பெயர் வாங்க நாம் ஆசைப்படுகிற விஷயங்களில் நண்பர்களின் கணிப்பு நம் கணிப்பைவிடச் சரியாக இருக்கிறது. பொறுமை இந்த இரண்டாவது வகையில்தான் சேரும் என்பது என் ஊகம். ஆய்வை விடுங்கள். உங்கள் கடிதத்தில் ‘பொறுமைசாலி’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு முறை கோடு போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்து பேனா அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது.

உங்களைக் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். நானும் அதே படகுதான். இந்த இதழுக்கு எழுதிய முதல் பதிலை, அந்த இடது காதுக் கதையை, நேற்று ராத்திரி வீட்டில் பெருமையாக வாசித்துக் காட்டினேன். மனைவி கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"எல்லாம் சரி," என்றாள். "நான் 35 வருஷமா வலது பக்கத்திலதான் நிக்கிறேன்."